நகலெடுக்க முடியாத கையெழுத்து

தியாகதுருகத்தில் ஒருவருக்கு வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஒன்றரை அடி தள்ளிப் போட்டுவிட்டார். பேசிப் பார்த்தாயிற்று, ஊர்ப் பெரியவர்களும் சொல்லிப் பார்த்தாயிற்று. கடைசியில் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போவதென்று முடிவாகிறது. அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது சில ஆண்டுகளுக்கு முன்புவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. வக்கீல் பிராது தயாரிப்பார். வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். குமாஸ்தா பக்க எண் போட்டு, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கட்டைத் தைத்து நீதிமன்ற அலுவலகத்தில் கொடுப்பார். தேதி முத்திரை விழும். குறை இருந்தால் ரிட்டர்ன் ஆகும், இல்லாவிட்டால் நம்பர் ஆகும்.

இன்று அதே கட்டு ஸ்கேன் ஆகி, பிடிஎஃப் கோப்பாக மாறி, நீதிமன்றங்களின் இ-ஃபைலிங் தளத்தில் ஏறுகிறது. கட்டணமும் இணையத்திலேயே கட்டப்படுகிறது. வக்கீல் தம் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி இரவு ஒன்பது மணிக்கும் அனுப்பலாம்.

வசதிதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இடறுகிறது. தாளில் அசல் வேறு, ஜெராக்ஸ் வேறு. மை தாளில் ஊறியிருக்கும், பேனா அழுத்திய தடம் பின்பக்கம் தட்டுப்படும், திருத்தினால் சுரண்டிய இடம் தெரியும். கணினிக் கோப்புக்கு அந்த வேறுபாடே கிடையாது. நூறு நகல் எடுத்தாலும் நூறும் அசலைப் போலவே இருக்கும். ஒருவருடைய கையெழுத்தின் படத்தை வெட்டி இன்னொரு கோப்பில் ஒட்டுவது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் முடியும். சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் தடயமே இருக்காது. பிறகு எந்த நம்பிக்கையில் ஒரு நீதிமன்றம் கோப்பைக் கையெழுத்திட்ட ஆவணமாக ஏற்கிறது?

கையெழுத்தின் படத்தை அது நம்புவதில்லை. மின்கோப்பில் நீல மையில் சுழித்துப் போட்ட கையெழுத்து தெரிந்தாலும், பக்கத்தின் ஓரத்தில் பெயரும் நேரமும் போட்ட ஒரு பெட்டி தெரிந்தாலும், அவை பார்வைக்கு வைத்தவை மட்டுமே. உண்மையான கையெழுத்து கண்ணுக்குத் தெரியாமல் கோப்புக்குள் இருக்கும் ஒரு மிகப் பெரிய எண். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 3-ஆவது பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். மின்னணுக் கையொப்பம் எந்த இரண்டு கணித உத்திகளால் ஆகவேண்டும் என்று அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் கேட்கிறது. அந்த இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் உத்தி, கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டுவது. பிராதில் சர்வே எண் 147 என்று இருக்கிறது; யாரோ அதை 174 ஆக்கிவிட்டார். இதைக் கண்டுபிடிக்க எண்ணோடு ஒரு சோதனை எண்ணையும் சேர்த்து அனுப்பலாம். இலக்கங்களைக் கூட்டினால் 1, 4, 7 சேர்ந்து 12. ஆனால் 174-க்கும் 12-தான் வருகிறது. இடம் மாறியது பிடிபடவில்லை. சரி, முதல் இலக்கத்தை ஒன்றாலும் இரண்டாவதை இரண்டாலும் மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டுவோம். 147-க்கு 1, 8, 21 சேர்ந்து 30 கிடைக்கிறது. 174-க்கு 1, 14, 12 சேர்ந்து 27. திருத்தம் பிடிபட்டுவிட்டது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இதே வகை வேலையைத்தான் செய்கிறது. முதல் 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சோதனை இலக்கம் அது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும்.

கைதவறுதலைப் பிடிக்க இது போதும், மோசடியைப் பிடிக்கப் போதாது. 228 என்ற எண்ணை எடுத்து அதே கணக்கைப் போடுங்கள்: 2, 4, 24 சேர்ந்து அதே 30. கணக்கின் வழி தெரிந்தவர் தமக்கு வேண்டிய எண்ணைத் தேடி எடுத்துவிடுவார். நமக்கு வேண்டியது, வழி முழுக்கத் தெரிந்தாலும் தேடி எடுக்க முடியாத சோதனை எண். கணினியாளர்கள் இதை ஹேஷ் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் சுருக்கெண் என்று வைத்துக்கொள்வோம்.

இன்று பெரிதும் புழங்கும் சுருக்கெண் முறை ஷா-256. கோப்பின் ஒவ்வொரு துணுக்கையும் எடுத்து, கலக்கி, சுழற்றி, கூட்டி, அடுத்த துணுக்கோடு மறுபடி கலக்கிக்கொண்டே போகும். ஒரு பக்க மனுவானாலும் ஆயிரம் பக்கக் கட்டானாலும் முடிவில் வருவது ஒரே நீளமுள்ள எண். அதை 64 எழுத்து-இலக்கக் கோவையாக எழுதிக்காட்டுவார்கள். ஒரு காற்புள்ளியை அழித்தாலும் கோவையில் ஏறக்குறைய எல்லா இடமும் மாறிவிடும். பழைய கோவைக்கும் புதியதற்கும் ஒட்டுறவே இருக்காது. விண்டோஸ் கணினியில் கூடுதல் மென்பொருள் எதுவும் இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். ஒரே கோப்பைத் தியாகதுருகத்தில் கணக்கிட்டாலும் சென்னையில் கணக்கிட்டாலும் ஒரே கோவைதான் வரும். சொற்கள் மாறாவிட்டாலும், கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்தாலே சுருக்கெண் பெரும்பாலும் மாறிவிடும். கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்புகளைப் பிறகு ஒன்றாக இணைத்தால் கையொப்பம் செல்லாமல் போவது இதனால்தான். இணைப்பதை முதலில் முடித்து, கையொப்பத்தைக் கடைசியில் போடவேண்டும்.

இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே சுருக்கெண் வரவே வராதா? வரும். கோப்புகளுக்கு எல்லையில்லை, சுருக்கெண்களுக்கு எல்லை உண்டு. எனவே மோதும் ஜோடிகள் எங்கோ இருந்தே தீரவேண்டும். ஷா-256 தரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். அத்தனைக்குள் ஒரு மோதலைத் தேடிப் பிடிக்க முடியாது என்பதே பாதுகாப்பு. முடியாது என்று எப்படித் தெரியும்? நேர்மையாகச் சொன்னால், கணித நிரூபணம் இல்லை. உலகத்தின் கெட்டிக்காரர்கள் உடைக்க முயன்று, தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதே ஆதாரம். முறையை ஒளித்துவைக்காமல் எல்லோருக்கும் வெளியிட்டு, முடிந்தால் உடையுங்கள் என்று விட்டுவிடுவது இந்தத் துறையின் வழக்கம்.

சில உடைந்தும் இருக்கின்றன. எம்டி5 என்ற பழைய முறையில் 2004-இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் மோதல் ஜோடியைக் காட்டினார்கள். ஷா-1 என்ற அடுத்த முறை 2017 பிப்ரவரி 23 அன்று விழுந்தது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, தோற்றத்தில் வேறுபட்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் ஷா-1 சுருக்கெண் ஒன்றே. அதற்குத் தொண்ணூற்றிரண்டாயிரம் கோடிக் கோடிக்கும் அதிகமான கணக்குகளைக் கணினிகள் போடவேண்டியிருந்தது. இதனால் என்ன கெடுதல் என்பதற்கு அந்த ஆய்வாளர்களே கொடுத்த உதாரணம் வாடகை ஒப்பந்தம். குறைந்த வாடகைத் தாளையும் கூடுதல் வாடகைத் தாளையும் ஒரே சுருக்கெண் வரும்படி தயாரித்து, முன்னதில் ஒருவரைக் கையொப்பமிட வைத்தால், அந்தக் கையொப்பம் பின்னதற்கும் பொருந்திவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, செல்போன் பதிவு, சிசிடிவி காட்சி போன்ற மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்பவர் ஒரு சான்றிதழும் கொடுக்கவேண்டும். அதன் படிவத்தில் சுருக்கெண்ணை எழுத இடம் இருக்கிறது. சட்டத்தோடு இணைந்த படிவத்திலேயே இது வந்திருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால் எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதற்கு ஷா-256 உடன் ஷா-1, எம்டி5 ஆகியவையும் அங்கே விருப்பங்களாக நிற்கின்றன. ஏற்கெனவே பதிவான ஒரு குறிப்பிட்ட கோப்புக்கு இணையான போலியைப் பின்னால் தயாரிப்பது எம்டி5-இல்கூட இன்னும் நடைமுறைக்கு எட்டவில்லை. அந்த அளவில் அவை முழுப் பயனற்றவை அல்ல. என்றாலும் இரண்டு கோப்புகளையும் ஒருவரே முன்கூட்டித் தயாரிக்கும் மோசடிக்கு அவை கதவைத் திறந்துவைக்கின்றன. படிவத்தை நிரப்பும் வக்கீல்கள் ஷா-256-ஐ மட்டும் தேர்ந்தெடுக்கவேண்டும், பழைய இரண்டும் படிவத்திலிருந்தே நீங்கவேண்டும் என்பது என் கருத்து.

இனி இரண்டாவது உத்தி. கோப்பு மாறவில்லை என்பது தெரிந்துவிட்டது. அனுப்பியவர் இன்னார் என்பது எப்படித் தெரியும்? கோப்பைத் திருத்தியவர் சுருக்கெண்ணையும் புதிதாகக் கணக்கிட்டு அனுப்பிவிடலாமே. எனவே அந்தச் சுருக்கெண்ணை அவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய ஏதோ ஒன்றால் முத்திரையிடவேண்டும்.

இரண்டு சாவி உள்ள ஒரு பூட்டைக் கற்பனை செய்யுங்கள். ஒரு சாவியால் பூட்டினால் மற்றொன்றால் மட்டுமே திறக்கும். ஒரு சாவியை நான் மடியில் முடிந்துவைத்துக்கொள்கிறேன், அது தனிச்சாவி. மற்றதை ஊருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், அது பொதுச்சாவி. என் பொதுச்சாவியால் திறக்கிற ஒரு பெட்டி உங்களிடம் வந்தால், அதைப் பூட்டியது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். மின்னணுக் கையொப்பத்தில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது சுருக்கெண். நீதிமன்றத்தின் கணினி பொதுச்சாவியால் பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் சுருக்கெண்ணை எடுக்கும். வந்த கோப்பிலிருந்து தானே ஒரு சுருக்கெண்ணைக் கணக்கிடும். இரண்டும் ஒன்றானால் ஆளும் சரி, கோப்பும் சரி. ஒவ்வொரு கோப்புக்கும் சுருக்கெண் வேறு என்பதால் ஒரே வக்கீலின் கையொப்பம் ஒவ்வொரு மனுவிலும் வேறாக இருக்கும். வெட்டி வேறொன்றில் ஒட்டினால் உடனே பொருந்தாமல் போகும். மையால் போடும் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தால்தான் செல்லும். இது ஒவ்வொரு முறையும் மாறினால்தான் செல்லும்.

சாவி என்பது எண்தான். விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் இந்த எண்ணத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதைச் செய்துகாட்டும் வழியைக் கண்டார்கள். அடிப்படை எளிது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. பெருக்கி வந்த எண்ணை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கேட்டால் கணினி திணறும். பொதுச்சாவியில் பெருக்கி வந்த எண் இருக்கிறது; தனிச்சாவியைக் கண்டுபிடிக்க அதைப் பிரித்தாகவேண்டும். இதற்கும் நிரூபணம் இல்லை, சோதனைகள்தான் உண்டு. 1977-இல் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டார்கள். உடைக்கக் கோடானுகோடி ஆண்டு பிடிக்கும் என்று அன்றைய மதிப்பீடு. 1994-இல் சுமார் 600 பேர் இணையத்தின் வழியே தங்கள் கணினிகளைச் சேர்த்து அதை உடைத்துவிட்டார்கள். 2020-இல் 250 இலக்க எண் உடைந்தது. ஒற்றைச் செயலியில் ஓட்டியிருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டு பிடித்திருக்கும். இன்று கையொப்பங்களுக்குப் பரவலாகப் புழங்கும் எண்ணுக்கு 617 இலக்கம். அது எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. குவாண்டம் கணினி பெரிதாக வளர்ந்தால் இந்தத் தூரம் சுருங்கும் என்பதால், அதற்கும் அசையாத புதிய கையொப்ப முறைகளை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. ஒரு நில வழக்கின் தீர்ப்பாணை பேரன் காலத்திலும் தேவைப்படும். நம் நீதிமன்றங்களும் இந்த மாற்றத்துக்கு இப்போதே தயாராகத் தொடங்கவேண்டும்.

பொதுச்சாவி இன்னாருடையது என்று யார் சொல்வது? சான்று வழங்குவதற்கென உரிமம் பெற்ற அமைப்புகள் இருக்கின்றன. அவை ஆளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருகின்றன. அந்த அமைப்புகளுக்கு மேலே அரசின் சான்று அமைப்புகள் கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். வீட்டுக் கணினியில் ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறக்கும்போது பச்சைக் குறிக்குப் பதில் மஞ்சள் கேள்விக்குறி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கோப்பு போலி என்று அதற்குப் பொருளில்லை. இந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பவரை உங்கள் கணினிக்கு இன்னும் அறிமுகம் செய்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

வக்கீல்களுக்குத் தனிச்சாவி இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, பென்டிரைவ் போல இருக்கும் டோக்கன். சாவி அதன் சில்லுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. பின் எண்ணைக் கொடுத்தால் உள்ளேயே கையொப்பமிட்டு விடையை மட்டும் தரும். மற்றது ஆதார் வழி இ-சைன். செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கொடுத்ததும், பாதுகாப்பான ஒரு கருவிக்குள் அந்த நேரத்துக்கென்று ஒரு சாவி பிறந்து, ஒரு முறை கையொப்பமிட்டு, அழிக்கப்படுகிறது. அதற்கான சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம். அரை மணியில் காலாவதியாகும் சான்றிதழை நம்பி ஐந்தாண்டு கழித்து எப்படிச் சரிபார்ப்பது? கையொப்பமிட்ட நொடியில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. அதற்கு நேரம் ஐயமில்லாமல் பதிவாகியிருக்கவேண்டும்.

நேரம் வேறொரு வகையிலும் வழக்குகளின் உயிர்நாடி. செக் திரும்பிய வழக்கில் ஒரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லவேண்டி வரும். மின்னணு ஆவணம் அனுப்பப்பட்டதும் பெறப்பட்டதும் எப்போது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு வரையறுக்கிறது. பெறுபவர் குறிப்பிட்ட கணினிக்குள் ஆவணம் நுழையும் நேரமே பெற்ற நேரம். வக்கீலின் கணினிக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே ஓடினாலும் பின்னே ஓடினாலும் கணக்கில் வராது. இந்திய நேரத்தைப் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களால் காத்துவருகிறது. கணினி மையங்கள் தங்கள் கடிகாரங்களை அந்த ஆய்வகத்தோடோ தேசியத் தகவலியல் மையத்தோடோ பொருத்திக்கொள்ளவேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவானது. தேதி முத்திரையைக் கையில் வைத்திருந்த எழுத்தரின் இடத்தில் இப்போது ஓர் அணுவின் அதிர்வு இருக்கிறது.

இவ்வளவு வலுவான ஏற்பாட்டால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் பார்க்கவேண்டும். பிராதில் எழுதியிருப்பது உண்மை என்று அது சொல்லாது. ஸ்கேன் செய்வதற்கு முன்பே தாளில் மோசடி நடந்திருந்தால் அதுவும் தெரியாது. வரப்பு வழக்கில் கட்சிக்காரர் மையால்தான் கையெழுத்திடுகிறார். அந்தத் தாளின் படத்தின் மீது வக்கீலின் மின்னணுக் கையொப்பம் விழுகிறது. அசல் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்கும்போது காட்டவேண்டும் என்று இ-ஃபைலிங் விதிகள் சொல்வது இதற்காகத்தான். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் இ-ஃபைலிங்கைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு 2023-இல் வந்தபோது வழக்கறிஞர்கள் பணிப் புறக்கணிப்புவரை போனார்கள். சிறிய ஊர்களில் ஸ்கேனரும் நல்ல இணைப்பும் இல்லை, கோப்பும் கொடுத்துத் தாளும் கொடுத்தால் வேலை இரட்டிப்பு என்ற அவர்களுடைய குறைகளில் நியாயம் இருக்கிறது. நீதிமன்ற வளாகங்களின் இ-சேவா மையங்கள் அந்தச் சுமையை ஓரளவு குறைக்கும்.

கணிதம் காக்காத இடம் இன்னும் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பெருங்கவலை. 617 இலக்க எண்ணை யாரும் உடைக்கத் தேவையில்லை. டோக்கனையும் பின் எண்ணையும் மேசையில் விட்டுப்போனால் போதும். பணி நெருக்கடியில் இரண்டையும் உதவியாளரிடம் கொடுத்துவைப்பது பல தொழில்களில் பழக்கமாகிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனிச்சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழுக்கு உரியவரின் கடமை என்கிறது. சாவி பிறர் கைக்குப் போனால் தாமதமின்றிச் சான்று அமைப்புக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. தெரிவித்ததும் அந்தச் சான்றிதழ் ரத்துப் பட்டியலில் ஏறும். தெரிவிக்கும்வரை அதனால் இடப்பட்ட ஒவ்வொரு கையொப்பமும் அவருடையதாகவே கருதப்படும். நான் போடவில்லை என்று நிரூபிக்கும் பாடு அவர் தலையில் விழும்.

கட்சிக்காரர்களும் வக்கீல் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்து தாக்கல் செய்யத் தளத்தில் வழி இருக்கிறது. அங்கே ஓடிபி எண்தான் கையெழுத்து. தியாகதுருகத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறினால் செல்போன் சிக்னல் எட்டாத சிற்றூர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து அந்த மலைமக்களின் நிலை குறித்து வழக்கு எடுக்கவேண்டியிருந்த அளவுக்கு அங்கே அடிப்படை வசதிகள் பின்தங்கியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒருவருடைய ஆதாரில் இருக்கும் எண் அடிவாரத்தில் வேலை செய்யும் மருமகனுடையதாக இருக்கலாம், பழக்கமான கடைக்காரருடையதாகவும் இருக்கலாம். அப்போது அவருடைய கையெழுத்து அந்தப் போன் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. கைநாட்டு வைக்க அவர் நேரில் வந்தாகவேண்டும். ஓடிபிக்கு அவர் வரவேண்டியதில்லை. ஆதார் வழிக் கையொப்பத்தை விரல்ரேகை கொண்டும் போடலாம். அந்த மலையில் உள்ள வெள்ளிமலை ஊரில் விரல்ரேகைக் கருவியோடு, படித்துக்காட்டி விளக்கும் ஆளோடு நீதிமன்றத்தின் இ-சேவா மையம் ஒன்று இயங்கவேண்டும். அதுவரை, ஆதாரில் இருப்பது தம் கையில் உள்ள எண்தானா என்பதை ஒவ்வொருவரும் இன்றே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.